சாய்வாக வெட்டிய பீன்ஸ்

ஜூன் 3

அன்புள்ள ஆந்தையாருக்கு,

நேற்றுக் காலை போனில் நாம் பேசிய பேச்சுக்கு இரண்டு பேரும் வெட்கப்பட வேண்டும். வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு நான், வேலை முடிந்து வருகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நீங்கள், பால் தூக்கை யார் கழுவுவது என்று கத்திக்கொண்டோம். என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "விடும்மா, நானே வந்து கழுவித் தர்றேன்" என்றார். இரண்டு பஸ்ஸும் பாலத்தின் மேல் ஒன்றையொன்று கடந்துதான் போயிருக்கும். ஜன்னலில் எட்டிப் பார்த்திருந்தால் கையாவது காட்டியிருக்கலாம். சண்டை மும்முரத்தில் யாருக்குத் தோன்றுகிறது?

அதனால் ஒரு ஏற்பாடு. இனிமேல் எழுதுவோம். உங்கள் குடோனில் தப்பாக அச்சாகி ஒதுக்கிய லேபிள் தாள் கட்டுக் கட்டாக வீட்டில் கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளைதானே. எழுதி அரிசி டப்பாவின் மேல் வையுங்கள். நான் சாயங்காலம் வந்து படிக்கிறேன். என்னுடையதை நீங்கள் காலையில் வந்து படியுங்கள். பகலில் போன் அடித்து உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற பாவமும் எனக்கு வேண்டாம். தூங்குகிற ஆளை எழுப்பக் கூடாது என்பதுதானே நம் வீட்டின் முதல் சட்டம். தவிர, எழுதினால் யோசித்துச் சண்டை போடலாம்.

இன்னொரு செய்தி. இதை வாயால் சொல்ல வரவில்லை. அக்கா ஊரில் எங்கள் மருத்துவமனை புதுக் கிளை திறக்கிறது. அங்கே டயாலிசிஸ் பிரிவுக்கு என்னைக் கேட்கிறார்கள். வேலை நேரம் குறைவு, ஞாயிறு லீவு. உங்களுக்கு அங்கே வேலை கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்காவோ, "ரெண்டு பேரும் ஒரே வீட்டு வாடகை கொடுக்கிற ரெண்டு அந்நியங்கடி, பேசாம வந்துடு" என்கிறாள்.

எனக்குப் போக மனமில்லை. போக மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இந்த வீடுதான் அந்தக் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். போன கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு ஓடிவிட்டு வந்து, இந்த ஊரைத் தின்று தீர்க்கிறவர்களில் நாமும் இரண்டு பேர் என்று உட்கார்ந்து பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? பிரிட்ஜை விற்றோம். பிளாஸ்டிக்கை நிறுத்தினோம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம் அது ஒன்றுதான். அது நடக்கிறவரை நாம் அந்நியர்கள் இல்லை.

பருப்பு அடுப்பு மேல் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

உங்கள்
மேஸ்திரி


ஜூன் 4

என் மேஸ்திரிக்கு,

உன் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. போனில் நீ குரலை உயர்த்தினால் நான் பாதியிலேயே தோற்றுவிடுகிறேன். காகிதத்திலாவது முழு வாக்கியம் பேச இடம் கிடைக்கும்.

நீ எழுதிய செய்தியை இரண்டு முறை படித்தேன். நீ போகக் கூடாது. அக்காவிடம் அந்நியன் சொன்னதாகச் சொல். இந்த வீடு நடக்கும், நடத்திக் காட்டுகிறேன். இது வாக்கு.

முதல் கட்டமாக நர்சரிக்காரரிடம் போய்க் குடித்தனக்காரர்களைக் கூட்டி வந்துவிட்டேன். பால்கனி மூலையில் மூடி போட்ட தொட்டி இருக்கிறதே, அதற்குள் இருக்கிறார்கள். சிவப்பு மண்புழுக்கள். வாடகை தர மாட்டார்கள், ஆனால் நம் காய்கறித் தோலையெல்லாம் தின்று உரமாக்கித் தருவார்கள். நர்சரிக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "ஒரு கைப்பிடி போடுங்க, அதை முடிச்சப்புறம் அடுத்தது போடுங்க. சமைச்சதை மட்டும் போட்டுடாதீங்க சார், தொட்டி புளிச்சுப் போயிடும்." மேலே கிழித்த அட்டையும் காய்ந்த இலையும் தூவி மூடியிருக்கிறேன்.

குடோனில் நேற்று ஆரஞ்சு வந்தது. உரித்துச் சுளையாக்கித் தட்டில் அடுக்கி மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டினோம். கடவுள் கொடுத்த தோலை உரித்துவிட்டு நாங்கள் ஒரு தோல் போடுகிறோம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து துணிப்பையைத் துவைக்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

பருப்பு அருமை. வழித்துச் சாப்பிட்டேன். பதிலுக்குப் பீன்ஸ் செய்து வைத்திருக்கிறேன். உன்னைப் போல வட்டம் வட்டமாக வெட்டாமல் நீளமாகச் சாய்த்து வெட்டியிருக்கிறேன். சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். மேஸ்திரி கவனிக்கவும்.

இப்படிக்கு,
பட்டப் பகலில் கண் தெரியாத ஆந்தை


ஜூன் 9

ஆந்தையாருக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். டியூட்டி முடிந்து கிளம்புகிற நேரத்தில் ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கி, மெஷினை நிறுத்தி, மறுபடி ஓட்டி, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

உங்கள் ஆரஞ்சைப் படித்துச் சிரித்தேன். என் பிரிவைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு தடவை ரத்தம் சுத்தம் செய்தால் ஒரு பை நிறையக் குழாயும் உறையும் குப்பைக்குப் போகிறது. அந்தப் பிளாஸ்டிக் இல்லாவிட்டால் அவர் இல்லை. அதையெல்லாம் கட்டி வெளியே வைத்துவிட்டு வந்து, இங்கே ஒரு பால் கவருக்காகத் தூக்கை எடுத்துக்கொண்டு பால் டிப்போவுக்கு நடக்கிறேன். சக நர்ஸ் சொல்கிறாள், "நீ ஒரு தூக்குப் பாலால உலகத்தைக் காப்பாத்திடுவியா?" அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் காப்பாற்றப் பார்ப்பது உலகத்தை மட்டும் இல்லை.

ஒரு சந்தேகம். அன்றைக்குப் பருப்பு அருமை என்று எழுதியிருந்தீர்கள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அதில் நான் உப்பே போடவில்லை. உங்கள் நாக்குக்கு என்ன ஆயிற்று? இல்லை, என் மேல் இருக்கிற பிரியத்தில் உப்பு தெரியவில்லையா?

பீன்ஸ் ரொம்ப நன்றாக இருந்தது. தொட்டியில் குடித்தனக்காரர்கள் சுகம்.

உங்கள்
மேஸ்திரி


ஜூன் 10

என் மேஸ்திரிக்கு,

உப்பு குறைத்துச் சாப்பிட வேண்டும் என்று உன் நோயாளிகளுக்கு நீதானே பாடம் எடுக்கிறாய். உனக்கு வாக்கப்பட்டதால் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்த கேள்வி?

இங்கே ஆள் குறைப்பு. மூன்று பேர் வேலை இரண்டு பேர் தலையில். குளிர் அறையில் நின்று நின்று விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுப் பாத்திரம் தேய்த்தால் உயிர் போகிறது. ஆனால் தேய்த்துவிட்டேன். துணியையும் கையால் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், மழை வந்தால் பார்த்துக்கொள். குளித்த தண்ணீர் இரண்டு வாளி பிடித்து வைத்திருக்கிறேன், கழிப்பறைக்கு அதையே ஊற்று. வீட்டுக்காரர் மாடிப்படியில் பிடித்துக்கொண்டு, "குழாயில தண்ணிதான் வருதே சார், எதுக்கு இப்படிக் கஷ்டப்படுறீங்க?" என்றார். போன கோடையில் அதே படியில் வாளியோடு நின்றவர் அவர். ஒரு மழையில் எல்லாம் மறந்துவிட்டது.

உன் சாப்பாடு, வழக்கம்போல அருமை. உனக்குக் கீரை வைத்திருக்கிறேன். மிச்சம் வைக்காதே, பிரிட்ஜ் இல்லை என்பதை மறக்காதே. இந்த வீட்டில் சோறு வீணாகக் கூடாது என்று நீதான் சட்டம் போட்டாய்.

ஆந்தை


ஜூலை 2

அன்புள்ளவருக்கு,

இன்று பட்டப்பெயர் எழுதக் கை வரவில்லை.

நேற்று வேலையில் ஒரு தப்பு நடக்கப் பார்த்தது. நோயாளியை மெஷினில் இணைக்கும்போது ஒரு கிளிப்பை மூடாமலே ஓட்டப் போனேன். பக்கத்துக் கட்டில் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "என்ன சிஸ்டர், தூங்குறீங்களா?" என்றார். தூங்கத்தான் செய்தேன். கண்ணைத் திறந்துகொண்டு, நின்றபடியே. அந்த நோயாளி ஒரு தையல் மெஷின் மெக்கானிக். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், என்ன நடக்க இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன்.

ஏன் தூக்கம் இல்லை என்று கேளுங்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து டிப்போவுக்கு நடக்கிறேன். வந்து உங்களுக்குச் சமைக்கிறேன். துணிப்பை காயவில்லை என்றால் விசிறிக்கொண்டு நிற்கிறேன். சாயங்காலம் வந்தால் கடைத்தெரு முழுக்கச் சுற்றி உறை போடாத காயைத் தேடுகிறேன். உறை போட்டவை எல்லாம் நீங்கள் போட்ட உறையாக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றும், அந்தப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள். உங்களைத் தொட்டு எத்தனை நாளாயிற்று?

நல்லபடி வாழ வேண்டும் என்று ஆரம்பித்தோம். இதுவா அது? பூமிக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்து, ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன்.

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு லீவு. நான் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கட்டில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுப்பவில்லை.

நான்


ஜூலை 3

அன்புக்குரியவளுக்கு,

படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஏன் எழுப்பவில்லை? அந்தச் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போடக் கூடாதா? நம் வீட்டில் குப்பைத் தொட்டியும் இல்லை, அது வேறு விஷயம்.

நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நாளையிலிருந்து கவர் பால் வாங்குவோம். டிப்போவுக்கு நீ போக வேண்டாம். முடிந்தால் பழைய பிரிட்ஜ் ஒன்றும் பார்க்கிறேன். எல்லோரும் வாழ்கிற மாதிரி கொஞ்ச நாள் வாழ்வோம். உடம்பு தேறட்டும். பூமி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அது நம்மை விடப் பெரிய மனது உள்ளது.

ஒன்றும் ஆகவில்லை அல்லவா? அந்த மெக்கானிக் நன்றாக வீடு போய்ச் சேர்ந்தார் அல்லவா? அதை மட்டும் நினை.

சாப்பிட்டாயா? பீன்ஸ் வைத்திருக்கிறேன். தயவுசெய்து சாப்பிடு.

உன்
ஆந்தை


ஜூலை 4

கவர் பால் வாங்கினால் பிறகு நமக்குள் என்ன இருக்கிறது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பிரிட்ஜை விற்ற அன்று அந்த இடத்தில் பாயைப் போட்டு இரண்டு பேரும் படுத்தோம். அந்த இடம் அவ்வளவு பெரியது என்று தெரிந்து ஆச்சரியப்பட்டோம். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து படுத்து ஆச்சரியப்பட்டது எதுவும் இல்லை. அங்கே மறுபடி ஒரு பிரிட்ஜைக் கொண்டு வந்து வைத்தீர்கள் என்றால் அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்துவிடுவேன்.

நான் சமாளிக்கிறேன். பீன்ஸ் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மேஸ்திரி


ஆகஸ்ட் 11

மேஸ்திரிக்கு,

இன்று என் தூக்கம் போய்விட்டது, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

மத்தியானம் கதவு உடைகிற மாதிரித் தட்டல். கீழ்வீட்டுத் தையல்காரம்மா. கையில் ஒரு வெள்ளைத் துணி, நாளை மறுநாள் கொடுக்க வேண்டிய கல்யாண ஆர்டர். அதன் மேல் நம் குடித்தனக்காரர்கள் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். "மேலேருந்து மழை பெய்யிற மாதிரிப் புழு பெய்யுதுங்க! இது என்ன வீடா, இல்ல வேற எதாவதா?" என்று அந்த அம்மா அழுதேவிட்டார். பால்கனிக்கு ஓடினேன். தொட்டியின் மூடி இடுக்கு வழியாகப் புழுக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறி, தண்ணீர் போகிற குழாய் வழியாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடுகிற ஜனம் மாதிரி. திறந்தேன். புளித்த நாற்றம். வீட்டுக்காரரும் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். இன்றைக்குள் இது போக வேண்டும், இல்லாவிட்டால் நாம் போக வேண்டும் என்றார்.

துணியைத் துவைத்து, தேய்த்துக் கொடுத்துவிட்டேன். நல்ல வேளை, கறை நிற்கவில்லை. பிறகு தொட்டியைத் தோண்ட உட்கார்ந்தேன்.

வலது மூலை எனக்குத் தெரிந்ததுதான். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ வைத்துவிட்டுப் போகிற சாப்பாடு. வந்ததும் உடம்பு கட்டையாகிவிடுகிறது, மெல்லக்கூட முடிவதில்லை. குடோன் கேண்டீனில் பிளாஸ்டிக் தட்டில் தருவதை நின்றபடி விழுங்கிவிட்டு வந்து விழுந்துவிடுவேன். எழுந்து பார்த்தால் நீ செய்தது ஊசிப் போயிருக்கும். நீ விடியுமுன் எழுந்து செய்தது. அதைச் சாப்பிடவில்லை என்று எப்படி எழுதுவேன்? வீணாக்கவில்லை, புழுவுக்குத்தானே போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வலது மூலையில் புதைத்து அட்டையால் மூடுவேன். நர்சரிக்காரர் சொன்னது காதில் கேட்கும். கொஞ்சம்தானே என்று நினைப்பேன்.

சரி, என் குற்றம் என்று நினைத்துக்கொண்டு இடது மூலையைத் தோண்டினேன்.

பீன்ஸ். நீளமாகச் சாய்த்து வெட்டியது. இந்த வீட்டில் பீன்ஸைச் சாய்த்து வெட்டுகிறவன் நான் ஒருவன்தான். அதன் கீழே கீரை. அதன் கீழே மறுபடி பீன்ஸ். நான் கண்ணில் தூக்கத்தோடு வெட்டிய ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. 'ரொம்ப நன்றாக இருந்தது' என்று நீ எழுதினாயே, அது எல்லாம் அங்கே இருந்தது.

நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை. நடுவில் அந்தப் பாவப்பட்ட ஜீவன்கள். வேளா வேளைக்கு நாம் ஊட்டி ஊட்டிக் கொன்றிருக்கிறோம்.

உன் மேல் கோபம் வந்தது. எந்த வாயால் கோபப்படுவது என்று தெரியாமல் அதுவும் போய்விட்டது. இப்போது ஒன்றுமே இல்லை. இத்தனை நாளாக இந்த வீட்டில் நாம் இருவரும் யாருக்குச் சமைத்தோம்?

பதில் எழுது.


ஆகஸ்ட் 12

உங்களுக்கு,

ஆமாம், எல்லாம் உண்மை. முதல் பீன்ஸே நான் சாப்பிடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைச் சுவரில் சாய்ந்தேன், கண் திறந்தபோது விடியப் போகிறது. பாத்திரத்தைத் திறந்தால் நுரை. நீங்கள் வெடித்த விரலோடு வெட்டியது என்று தெரியும். அதைக் குப்பையில் போட நமக்குக் குப்பையும் இல்லை. இடது மூலைதான் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு அது பழகிவிட்டது. பொய்யும் பழகிவிட்டது. வார்டில் நோயாளிகளுக்கு வாங்கி வைத்த ரஸ்க் இரண்டை டீயில் நனைத்துத் தின்பேன், அதுதான் என் சாப்பாடு.

உப்பில்லாத பருப்பை நீங்கள் அருமை என்று எழுதிய அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததோ என்னவோ. புரிந்துவிட்டால் அக்கா ஊருக்குப் போக வேண்டி வருமே என்று புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்கா ஒன்று சொன்னாள் அல்லவா, ஒரே வீட்டு வாடகை கொடுக்கிற இரண்டு அந்நியர்கள் என்று. இல்லை என்று நிரூபிக்கத்தான் இவ்வளவும் செய்தேன். தூக்கு, துணிப்பை, சாம்பல், புழு எல்லாம். கடைசியில் பார்த்தால், குப்பையே சேராத வீடு என்று பெருமைப்பட்டோமே, சேர்ந்திருக்கிறது. மூடி போட்டு வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். அலுத்துப்போய்விட்டேன், அவ்வளவு அலுத்துப்போய்விட்டேன். இந்தச் சமையலறைச் சுவரைப் பார்த்தால், மறுபடி சாய்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நாளை அந்த மெக்கானிக்கின் கையில் ஊசி குத்தும்போது என் கை நடுங்கினால் என்ன செய்வேன்?

மேலிடத்தில் லீவு சொல்லிவிட்டேன். அக்கா வீட்டுக்குப் போகிறேன். அந்த வேலைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் வரும்போது நான் இருக்க மாட்டேன். அது புதிதல்ல.

இன்று ஒன்றும் சமைக்கவில்லை.

நான்


ஆகஸ்ட் 19

(அக்கா வீட்டு விலாசத்துக்கு, தபாலில்)

என் மேஸ்திரிக்கு,

சுகமா? தூங்குகிறாயா? அக்காவிடம் அந்நியன் விசாரித்ததாகச் சொல்.

லேபிள் தாளின் பின்பக்கத்துக்குத் தபால் தலை ஒட்டுவது விசித்திரமாக இருக்கிறது. இரண்டு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நல்லதுதான்.

இனி நான் எழுதுகிறதில் பொய் இருக்காது. அதனால் கடிதம் நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்.

தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கவிழ்க்கும்போது அடியில் ஒட்டியிருந்த அட்டைக்குள் சில புழுக்கள் உயிரோடு இருந்தன. உன்னிடமும் என்னிடமும் தப்பித்தவை, கெட்டிக்காரப் புழுக்கள். உடைந்த பூந்தொட்டியில் மண் போட்டு விட்டிருக்கிறேன். வாரம் ஒரு கைப்பிடி தோல், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

கவர் பால் வாங்குகிறேன். கவரைக் கழுவிக் காய வைக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை, கை பழகிவிட்டது. துணிப்பையை விடவில்லை. துணியை லாண்டிரியில் போட்டேன். என்னால் இவ்வளவுதான் முடிகிறது. முன்பு நாம் செய்ததில் பாதிகூட இல்லை. ஆனால் செய்வது நிஜமாகச் செய்வது.

சூப்பர்வைசரிடம் பகல் ஷிஃப்ட் கேட்டேன். "உனக்கு மட்டும்தான் பொண்டாட்டி இருக்காளா?" என்றார். "இருக்காளான்னுதான் சார் தெரியலை" என்றேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, அடுத்த மாதம் ஒருவர் ஓய்வு பெறுகிறார், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அதனால் இதை ஒரு நல்ல செய்தியாக உனக்கு எழுதவில்லை. நடந்தது இது, அவ்வளவுதான்.

நீ இல்லாத வீட்டில் நான் சத்தம் போடாமல்தான் நடக்கிறேன். யார் எழுந்துவிடுவார்கள் என்று தெரியவில்லை.

வந்துவிடு என்று எழுதத்தான் கை வருகிறது, எழுதவில்லை. உன் கை நடுங்குவது நின்ற பிறகு நீயே முடிவு செய். பதில் மட்டும் போடு.

உன்
ஆந்தை


ஆகஸ்ட் 27

மேஸ்திரிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இதைத் தபாலில் போடப் போவதில்லை. எழுதாமல் வேலைக்குக் கிளம்பக் கால் வரவில்லை, அதனால் பழைய இடத்திலேயே, அரிசி டப்பாவின் மேல் வைக்கிறேன்.

இன்று கிளம்புமுன் சமைத்தேன். பசியில்லை, ஆனாலும் பசிக்கும் என்று நம்பி ஒருவனுக்கு மட்டும் அளந்து வைத்தேன். இரண்டு பேருக்கு ஆகிவிட்டது. உன்னைப் போல வட்டம் வட்டமாகப் பீன்ஸ் வெட்டிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பிடிக்கிறது! விடியுமுன் எழுந்து இதையா செய்துகொண்டிருந்தாய்? என் பங்கைச் சாப்பிட்டேன். நிஜமாக. உன் பங்கைத் தட்டு போட்டு மூடியிருக்கிறேன். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. பூந்தொட்டியில் மட்டும் போட மாட்டேன்.

நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வீடு நடக்கும், நடத்திக் காட்டுகிறேன் என்று வீம்பாக எழுதினேன். வீடா முக்கியம்?

போய் வருகிறேன்.

ஆந்தை


ஆகஸ்ட் 27, சாயங்காலம்

ஆந்தையாருக்கு,

பயந்துவிடாதீர்கள், திருடன் இல்லை. என் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

மிச்சத் துணிகளை எடுத்துக்கொண்டு, நீங்கள் வருமுன் போய்விடலாம் என்றுதான் வந்தேன். உங்கள் தபால் கிடைத்தது. பலமுறை பதில் எழுத உட்கார்ந்தேன். 'சுகம்' என்று எழுதுவேன், பொய் என்று கிழிப்பேன். அக்கா வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், கை நடுங்குவது நின்றுவிட்டது. நீங்கள் இல்லாமல் எல்லாம் நன்றாக இருந்தது. அதை எழுதத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பையைக் கட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். அரிசி டப்பாவைப் பார்க்காமல் போகக் கண் விடவில்லை. படித்தேன். மூடியிருந்த தட்டைத் திறந்தேன்.

வட்டமாக வெட்டினால் அடுப்பைச் சிறியதாக வைத்து மூடி வேகவிட வேண்டும், அது தெரியாதா? பாதி பச்சையாக இருக்கிறது. உப்பு போட மறந்துவிட்டீர்கள். பிரிட்ஜ் இருந்த இடத்தில், தரையில் உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டதில் உப்புக் குறை கொஞ்சம் தீர்ந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது, பாருங்கள். பூந்தொட்டியையும் பார்த்தேன். உயிரோடுதான் இருக்கிறார்கள்.

நாளைக் காலை வண்டிக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். அதைக் கிழிக்கவில்லை. கிழித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் இனிப் பொய் வேண்டாம் என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். அந்த வேலைக்குப் பதில் சொல்ல இன்னும் சில நாள் இருக்கிறது. என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் எழுதினால் எனக்குத் தெரியப் போவதும் இல்லை.

ரொம்பக் களைப்பாக இருக்கிறது. உள்ளே படுத்திருக்கிறேன். நீங்கள் வருகிற நேரத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருப்பேன்.

வந்ததும் என்னை எழுப்புங்கள்.

உங்கள்
மேஸ்திரி